நாரி நோவுக்கு மகன் அனுப்பும் மெசின் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 54. விசுவமடுவில் வயல் செய்கிறேன். மூன்று வருடமாக நாரி நோவு. வைத்தியர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, பயிற்சி செய்யுங்கள் என்றார். 2009 இல் பட்ட ஷெல் துண்டு ஒன்று வலது தோளில் இன்னும் இருக்கிறது. முதுகில் ஒட்டினால் குனிவதையும் நிமிர்வதையும் போனில் காட்டும் சென்சர் ஒன்றும், கரண்ட் பிடிக்கும் சின்ன மெசின் ஒன்றும் அனுப்புவதாகக் கனடாவில் இருக்கும் மகன் சொல்கிறான். வாங்கலாமா?

பதில்: ஐயா, மகனின் அக்கறைக்குக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் கையில் இருக்கும் போனே போதும்.

சென்சர் பற்றி அவுஸ்திரேலியாவில் 492 பேரிடம் ஆய்வு செய்து, 2023 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவர் நோயாளியோடு இருந்து கதைத்து, பயத்தால் விட்ட அசைவுகளை மெல்ல மெல்லத் திரும்பப் பழக்கினார். அப்படிப் பழகியவர்கள் ஒரு வருடம் கழித்தும், வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். அதே பயிற்சியோடு சென்சரும் ஒட்டியவர்களுக்கு அதனால் மேலதிகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. கரண்ட் மெசினையும், நாரியில் கட்டும் பெல்டையும் நாட்பட்ட நாரி நோவுக்கு வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது.

அந்தப் பயத்தை நான் என் அறையில் நாளாந்தம் பார்க்கிறேன். நிலத்தில் வைத்த கிளினிக் கொப்பியை எடுங்கள் என்பேன். மூச்சை அடக்கி, நாரியைப் பலகை மாதிரி இறுக்கி, ஒரு கையைத் தொடையில் ஊன்றித்தான் குனிவார்கள். நோவு மூன்று மாதம் தாண்டினால், பலருக்கு நரம்புகள் அளவுக்கு மிஞ்சி உசாராகிவிடுகின்றன. அந்த இறுக்கம் நோவை இன்னும் கூட்டும். மூச்சை விட்டுக்கொண்டு, முழங்காலை மடித்து, சாதாரணமாகக் குனிந்து பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் செய்விப்பேன். சிலருக்கு ஐந்தாவது தரத்திலேயே முகம் மாறும்.

இதற்குத்தான் போன். முதல் தடவை இயன்மருத்துவரை நேரில் பாருங்கள். அப்புறம் வீடியோவில் தொடரலாமா என்று அவரிடமே கேளுங்கள். பஸ்ஸில் குலுங்கிப் போய் வரும் நாள் மிஞ்சும். போனைக் கதிரையில் சாய்த்து வைத்து, தலை முதல் கால் வரை தெரிகிற மாதிரிப் பக்கவாட்டாக நில்லுங்கள். சிக்னல் இழுபட்டால், பயிற்சியை ஒரு நிமிட வீடியோவாக எடுத்துவைத்து, சிக்னல் கிடைக்கும்போது அனுப்பலாம்.

போனில் அலாரம் வைத்து, பின்னேரம் குளக்கட்டில் பத்து நிமிடம் நடக்கத் தொடங்குங்கள். கிழமைக்கு ஐந்து நாள், பொறுக்கப் பொறுக்க அரை மணித்தியாலம் வரை கூட்டுங்கள். நாரி நோவு மாறிய 701 பேரிடம் செய்து 2024 இல் வெளிவந்த ஆய்வொன்றில், இப்படி நடந்தவர்களுக்கு நோவு திரும்பி வர நடுத்தரமாக 208 நாட்கள் எடுத்தன. நடைப்பயிற்சி பெறாதவர்களுக்கு 112. உங்களுக்கு நோவு இன்னும் மாறவில்லைதான், ஆனாலும் நடை உங்களுக்கும் நல்லது. காலபோக வேலையையும் விடவேண்டாம். மருந்தடிக்கும் தாங்கியை அரைவாசி நிரப்பி, இரண்டு தரம் போங்கள்.

தோளில் உள்ள துண்டு நாரி நோவுக்குக் காரணமில்லை. ஆனால் யாராவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், அந்தத் துண்டைப் பற்றி முதலே சொல்லுங்கள். இரும்பாக இருந்தால் எம்.ஆர்.ஐ. மெசினின் காந்தத்தில் அது அசையலாம். வன்னியில் இதை மறந்துவிடுகிற ஆட்கள் நிறைய. இத்தனை வருடத்தில் அது உடம்போடு உடம்பாகிவிட்டதுதான் காரணம்.

சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமல் போனால், சிறுநீர் போகாமல் அடைத்தால், உட்காரும்போது நிலத்தில் படும் பின்பக்கமோ கவடோ மரத்தால், கால் சோர்ந்து விழுந்தால் வீடியோவுக்குக் காத்திருக்கவே வேண்டாம். உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். காய்ச்சலோடு நோவு வந்தாலோ, காரணமில்லாமல் உடம்பு மெலிந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.