பழைய கடனா? தொகைக்கு முன் தேதியைப் பாருங்கள்: கேள்வி பதில்

எங்கள் பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. வட்டிக்கு விடுகிறவர்களுக்கு மட்டும் அது இன்னும் ஒரே மாவட்டம்தான். வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கடனில் சிக்கியவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். பெயர்களை எடுத்துவிட்டு, ஊரையும் தொழிலையும் மட்டும் வைத்திருக்கிறேன்.

பேரணாம்பட்டு, பீடி சுற்றுபவர்: என் வீட்டுக்காரர் 2015-ல் மூணு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினார். புரோநோட்டில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். 2016-க்குப் பிறகு வட்டி கட்டவில்லை. 2021-ல் அவர் இறந்துவிட்டார். இப்போது கடன் கொடுத்தவர், "எல்லாம் சேர்த்து நாலரை லட்சம் ஆச்சு, உன் பேரில் புது நோட்டு எழுதிக் கொடு, வட்டியைக் குறைக்கிறேன்" என்கிறார். வாரம் ஆயிரம் வந்தால் பெரிது.

புது நோட்டு எழுதாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. அந்தக் கெடுவுக்குள் கடன் வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, பணம் கட்டி நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு ஓடும். கடைசி வரவு 2016 என்றால் 2019-லேயே கெடு முடிந்தது. அதனால்தான் அவர் பழைய நோட்டோடு கோர்ட்டுக்குப் போகாமல், புது நோட்டோடு உங்கள் வாசலுக்கு வருகிறார். நீங்கள் கையெழுத்துப் போட்ட நிமிஷம் அது உங்கள் கடன், உங்கள் தேதி.

பழைய நோட்டின் ஜெராக்ஸைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். கொடுத்தால் இரண்டு இடம் பாருங்கள். உங்கள் கையெழுத்து சாட்சி இடத்தில் இருக்கிறதா, வாங்கியவர் இடத்தில் இருக்கிறதா? சாட்சி கடனாளி ஆக மாட்டார். பின்பக்க வரவுகளில் இருப்பது உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துதானா? அவர் போகாத தேதியில் வரவு எழுதி வைப்பதும் நடக்கும்.

கெடு முடியாத கடனாகவே இருந்தாலும், இறந்தவரின் கடன் வாரிசைத் தொடுவது அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான். உங்கள் பீடிக் கூலி அதில் சேராது. ஜெயில் என்று மிரட்டினால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்ய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56-வது பிரிவு இடம் தரவில்லை. மூணு வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். அதிக வட்டிக்கு எதிராக 2003-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. இதை அவருக்கு நீங்கள் ஞாபகப்படுத்தலாம்.

பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் கிடைக்கும். 15100-க்குப் போன் செய்யுங்கள். அல்லது சத்துவாச்சாரி கோர்ட்டில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

ஆம்பூர், ஷூ கம்பெனி தொழிலாளி: சம்பளம் 14,000. கிரெடிட் கார்டு 90,000, பர்சனல் லோன் 1,60,000, ஆப் லோன் 35,000, அம்மா நகை பேங்க்கில் 80,000-க்கு. ஒன்றைக் கட்ட இன்னொன்று வாங்குகிறேன் சார்.

தம்பி, அந்தக் கடைசி வரி இன்றோடு நிற்க வேண்டும். உங்கள் கார்டில் மாதம் 3.5 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். 90,000-க்கு 3,150. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 567. மினிமம் என்று 4,500 கட்டினால் அசலில் குறைவது 783 ரூபாய்தான். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்து இதையா வாங்குவது?

வாடகை, அரிசி, கரண்ட் முதலில். அடுத்து நகை. உங்கள் கடன்களில் கையைவிட்டுப் போகக்கூடிய பொருள் இருப்பது அதில் மட்டும்தான். வட்டியைக் கட்டி மாற்றி வையுங்கள், மூழ்க விடாதீர்கள். அப்படியே ஏலம் போனாலும் பாக்கி போக மிச்சப் பணம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.

கார்டும் பர்சனல் லோனும் ஈடு இல்லாதவை. சம்பளச் சீட்டை இணைத்து, கார்டை நிறுத்தி பாக்கியைத் தவணையாக மாற்றும்படி எழுத்தில் கேளுங்கள். 90 நாள் தவறினால் வாராக்கடன் ஆகும். அதன் பிறகுதான் பல இடங்களில் செட்டில்மென்ட், அதாவது பாக்கியைக் குறைத்து முடித்துக்கொள்ளும் பேச்சே வரும். செட்டில்மென்ட் கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். வசூல் ஏஜென்ட் வாய்ப் பேச்சுக்குக் கணக்கில் இடமில்லை. சிபிலில் "செட்டில்டு" என்று விழும், சில ஆண்டுகள் புதுக் கடன் கிடைப்பது கஷ்டம். உங்கள் நிலையில் அதை நான் நல்லது என்றே சொல்வேன்.

ஏஜென்ட் காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. ஆப்பின் பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற கம்பெனி இருக்கிறதா பாருங்கள். போட்டோவை மாற்றி அனுப்பி மிரட்டினால் சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

குடியாத்தம், லுங்கி நெய்பவர்: கோர்ட் நோட்டீஸ் வந்தது, பயத்தில் போகவில்லை. தீர்ப்பாகிவிட்டது. அமீனா வந்து தறியை ஜப்தி செய்வாரா?

தறி போகாது. கைவினைஞரின் தொழில் கருவி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி எல்லாம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவில் ஜப்திக்கு விலக்கு. கூலித் தொழிலாளியின் கூலிக்கும் விலக்கு உண்டு. மாதச் சம்பளக்காரர் என்றால் முதல் ஆயிரமும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பும்.

ஆனால் நீங்கள் போகாததுதான் பெரிய நஷ்டம் ஐயா. கெடு முடிந்த கடனா, வட்டி அநியாயமா என்று சொல்லியிருக்கலாம், தவணை கேட்டிருக்கலாம். இப்போது அந்தத் தீர்ப்புக்கு 12 ஆண்டு ஆயுள். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். நாள் தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி இன்னொரு மனுவும் சேரும். வக்கீலை நாளைக்கே பாருங்கள்.

வாணியம்பாடி, குழு லோன் எடுத்தவர்: நாலு கம்பெனி. வீட்டு வருமானம் 12,000, தவணை 9,500. ராத்திரி ஒன்பது மணி வரை வாசலில் உட்காருகிறார்கள்.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அது 6,000. கடன் கொடுக்கும்போது இதைப் பார்த்திருக்க வேண்டியது அவர்கள். உங்கள் குழு லோன் போன்ற நுண்கடன் வசூலுக்கு நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. வாசலில் உட்காரும் நேரத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், 14448, கட்டணம் கிடையாது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமும் கொண்டுவந்திருக்கிறது.

ஆற்காடு பக்கம், செங்கல் சூளை: முன்பணம் 30,000 வாங்கினோம். மூணு வருஷமாக வேலை செய்தும் கழியவில்லை என்கிறார். வெளியே போக விடுவதில்லை.

இதைக் கடன் என்றே சொல்லாதீர்கள். இது கொத்தடிமை. 1976 சட்டப்படி அந்த முன்பணத்தைத் திருப்பித் தரும் கடமையே கிடையாது. கோட்டாட்சியருக்கோ கலெக்டருக்கோ தகவல் போக வேண்டும். விடுதலைச் சான்றிதழைக் கையில் வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள். மறுவாழ்வு உதவிக்கு அதுதான் ஆதாரம்.

வேலூர், ஆட்டோ ஓட்டுநர்: மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா?

முடியாது. திவாலாகிவிட்டேன் என்று கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்பும் அந்த நோட்டீஸ் வெறும் காகிதம். கோர்ட்டில் திவால் மனுப் போட்டு, சொத்துக் கணக்கு முழுவதும் காட்டி, கடைசியில் விடுவிப்பு உத்தரவு வாங்க வேண்டும். சொத்தை மைத்துனர் பேருக்கு மாற்றிவிட்டு மனுப் போடுகிறவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

காட்பாடி, கடை உதவியாளர்: 2012-ல் பக்கத்து வீட்டு அக்கா வட்டியில்லாமல் 40,000 கொடுத்தார். காகிதம் எதுவும் இல்லை. இதுவும் காலாவதிதானே?

காலாவதிதான். கொடுத்துவிடுங்கள். கெடு முடிந்தால் கோர்ட்டுக்குப் போகும் வழிதான் அடைபடும், வாங்கியது வாங்காதது ஆகிவிடாது. வட்டிக்காரர் அசலைப் போல மூன்று மடங்கு எடுத்திருப்பார், இந்த அக்காவுக்கு ஒரு பைசா வரவில்லை. மாதம் ஆயிரம் என்றால் 40 மாதம். அவரிடம் அப்படியே சொல்லிவிட்டு ஜிபேயில் அனுப்புங்கள். எவ்வளவு போனது என்று யாரும் நோட்டில் எழுத வேண்டியதில்லை.