பதில்: 20ஆம் நாளில் இன்டர்ஃபெரான் காமா ஏன் குறைகிறது?

சபாடி என்ற மலேரியா ஒட்டுண்ணி ஏற்றிய எலிகளின் மண்ணீரலை 20ஆம் நாளில் மட்டும் பார்த்திருக்கிறீர்கள். அப்போது சிடி4 செல்களில் (நோயெதிர்ப்பை வழிநடத்தும் டி செல்கள்) இன்டர்ஃபெரான் காமா என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதம் குறைந்திருப்பது இயல்பே. சோதனை கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். ரத்தத்தில் ஒட்டுண்ணி உச்சம் தொடும் 7–10 நாட்களில்தான் இன்டர்ஃபெரான் காமா சுரக்கும் சிடி4 வகையான டிஎச்1 செல்கள் கொடிகட்டிப் பறக்கும். அவற்றில் ஒரு பகுதி கூடவே ஐஎல்-10 என்ற சமிக்ஞைப் புரதத்தையும் சுரந்து அழற்சியை அடக்கும். ஐஎல்-10 இல்லாத எலிகளுக்கு நோய் முற்றுகிறது. பிறகு ஐஎல்-21 என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதம் தரும் டிஎஃப்எச் செல்கள் (இன்னொரு சிடி4 வகை), எதிர்பொருள் உருவாக்கும் பி செல்களுக்குத் துணைநின்று எதிர்பொருளை வலுப்படுத்தும். மிச்சத் தொற்றைத் தீர்க்க அது தேவை.

8, 14, 20, 35ஆம் நாட்களில் மாதிரி எடுங்கள். டிஎஃப்எச் செல்களை அடையாளம் காட்டும் சிஎக்ஸ்சிஆர்5, பிடி-1 புரதங்கள் இரண்டையும் சாயமேற்றும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது: செல்களைத் தூண்டப் பயன்படும் பிஎம்ஏ என்ற வேதிப்பொருள் சிடி4 புரதத்தைச் செல்லின் பரப்பிலிருந்து உள்ளே இழுத்துவிடும். வெளியே மட்டும் சாயமேற்றினால் தூண்டப்பட்ட செல்களே கணக்கிலிருந்து நழுவும். சவ்வைத் துளைத்தபின் மறுபடி சிடி4 சாயமேற்றுங்கள். தூண்டல் 4 மணி நேரம் போதும்.