கீழ்முதுகு வலியோடு உடற்பயிற்சி

கேள்வி: இரண்டு வருடமாகக் கீழ்முதுகு வலி. பயிற்சி தொடங்கினால் மூன்றாம் நாளே வலி கூடிவிடுகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், அளவைக் குறையுங்கள். செய்யும்போது லேசாக வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் பயமில்லை. அடங்காவிட்டால் அடுத்த முறை பாதியளவே செய்யுங்கள்.

எழுந்தவுடன் குனிந்து கால்விரலைத் தொடாதீர்கள். முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போலிருக்கும் வட்டுகள் இரவில் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். முதல் ஒரு மணி நேரம் குனிந்தால் அவற்றின் மீது அழுத்தம் அதிகம்.

முதலில் 10 நிமிட நடை, தினம் இரண்டு முறை, கையை நன்றாக வீசி. பிறகு இது: தரையில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலது கையை முன்னும் இடது காலைப் பின்னும் நீட்டி 8 விநாடி நிறுத்துங்கள். பிறகு கை, காலை மாற்றிச் செய்யுங்கள். பக்கத்துக்கு 6 முறை. சற்று ஓய்ந்து பக்கத்துக்கு 4 முறை, மறுபடி ஓய்ந்து 2 முறை. பலரும் காலை இடுப்புக்கு மேல் தூக்குகிறார்கள். அப்போது கீழ்முதுகு குழிந்து, வலிக்கும் இடத்திலேயே சுமை இறங்கும். கால் இடுப்பு உயரத்தைத் தாண்டக் கூடாது. மூச்சை அடக்காதீர்கள்.

காலில் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலோ தாமதிக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.