கையெழுத்துப் போட்டதிலிருந்து தூக்கமில்லை

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில் உள்ள வால்பரைசோ பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறாள். உதவித்தொகை கிடைத்ததால் அனுப்பினோம். லுத்தரன் கிறிஸ்தவர்களின் கல்லூரி என்று தெரியும். இறையியல் பாடம் கட்டாயம் என்பது அவள் போன பிறகுதான் தெரிந்தது. நாங்கள் கோயில் குளம் என்று இருக்கிற குடும்பம். மதம் மாற்றிவிடுவார்களோ என்று என் மாமியார் தினமும் புலம்புகிறார். ஊரும் சின்னது, கல்லூரியும் சின்னது, மனம்விட்டுப் பேச ஆளில்லை, பெரிய யுனிவர்சிட்டிக்கு மாறிக்கொள்கிறேன் என்கிறாள் மகள். போன மாதம், அறைக்கு எடுத்துப்போய் எழுதும் தேர்வு ஒன்றில் கூடப் படிக்கிற பெண் யாரிடமோ விடை வாங்கி எழுதியதைப் பார்த்தாளாம். அதிலிருந்து சரியான தூக்கமும் இல்லை. மாற்றிவிடலாமா, ஊருக்கே கூப்பிட்டுக்கொள்ளலாமா?
– மயிலாடுதுறை வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மதத்தைப் பற்றியும் ஊர் மாறுவதைப் பற்றியும் விரிவாக எழுதிவிட்டு, தேர்வு விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மகளைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் மாமியாருக்கு ஒரு ஆறுதல். அந்தப் பல்கலைக்கழகத்தின் நடுவில் மிகப் பெரிய கிறிஸ்தவ ஆலயம் ஒன்று இருக்கிறது. 1959-இல் அர்ப்பணிக்கப்பட்டது. கல்லூரி வளாகங்களில் உள்ள ஆலயங்களில் உலகிலேயே பெரியவற்றுள் ஒன்று. அங்கே வழிபாடு உண்டு, ஆனால் வந்தே தீர வேண்டும் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. இறையியல் வகுப்பில் மதிப்பெண் கொடுப்பது படித்ததைப் புரிந்துகொண்டு வாதிடுவதற்கு. நம்புகிறாயா என்பது கேள்வித்தாளில் வராது. திருவாசகம் கேட்டு வளர்ந்த பெண் அந்த வகுப்பில் வாயைத் திறந்து பேசினால் மற்றவர்களுக்கும் லாபம். பேசச் சொல்லுங்கள்.

லுத்தரன் என்ற பெயரும் உங்களுக்கு அவ்வளவு தூரத்துப் பெயர் இல்லை. ஜெர்மனியிலிருந்து லுத்தரன் பாதிரியார் சீகன்பால்க் 1706-இல் வந்து இறங்கிய தரங்கம்பாடி உங்கள் ஊரிலிருந்து பஸ் போகிற தூரம்தானே. பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகிய அவர் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்னும் அங்கே நிற்கிறது. அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது மாமியாரையும் உள்ளே அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

வால்பரைசோவின் கதையும் கேட்கத் தக்கது. 1859-இல் மெதடிஸ்ட் என்ற இன்னொரு கிறிஸ்தவ சபையினர் ஆண், பெண் இருபாலருக்கும் தொடங்கிய கல்லூரி அது. இடையில் மூடி, பிறகு வேறொருவர் கையில் திறந்து, கட்டணம் குறைவு என்பதால் ‘ஏழைகளின் ஹார்வர்டு’ என்று பெயர் வாங்கி, முதல் உலகப்போருக்குப் பின் கடனில் விழுந்தது. 1923-இல் அதை விலைக்கு வாங்க முயன்றது கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம். பேரம் படியவில்லை. 1925-இல் லுத்தரன் சங்கம் ஒன்று வாங்கியது. அன்று அந்தப் பேரம் படிந்திருந்தால் நம் பிள்ளைகளுக்கு அங்கே இடமே இருந்திருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சரி, தேர்வு. அந்தப் பல்கலைக்கழகத்தில் நேர்மை உறுதிமொழி என்று ஒன்று உண்டு. தேர்விலும் ஒப்படைக்கும் வேலையிலும் மாணவர்கள் ஒரு வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்திட வேண்டும். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘அனுமதியில்லாத உதவியை நான் கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை, மற்றவர்கள் அதைப் பயன்படுத்துவதைப் பொறுத்துக்கொள்ளவும் இல்லை.’

கடைசித் துண்டைப் பாருங்கள். கொடுக்காதே, வாங்காதே என்பது நம் பள்ளிகளிலும் உண்டு. பார்த்துக்கொண்டு சும்மா இருக்காதே என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ‘உனக்கெதுக்கு ஊர் வம்பு’ என்றுதான் சொல்லி வளர்த்தோம். நானும் என் பிள்ளைகளிடம் அதையே சொன்னவள். உங்கள் மகள் பார்த்தாள், பேசாமல் இருந்தாள், பிறகு அந்த வாக்கியத்தின் கீழே தன் பெயரை எழுதினாள். மூன்றில் இரண்டு உண்மை, ஒன்று பொய். பதினெட்டு வயதில் அதற்காகத் தூக்கம் கெடுகிற பிள்ளையைப் பெற்றிருக்கிறீர்கள். இந்த உறுத்தலோடு எந்த யுனிவர்சிட்டிக்கு மாற்றினாலும் அது பெட்டியோடு கூடவே போகும்.

அவள் என்ன செய்யலாம்? அந்தப் பெண்ணிடம் நேரில் பேசலாம்: ‘நீ செய்தது எனக்குத் தெரியும், நீயே போய்ச் சொல்லிவிடு.’ அது முடியாவிட்டால் பாடம் நடத்தும் பேராசிரியரிடம் போகட்டும், தான் வாய்மூடி இருந்ததையும் சேர்த்தே சொல்லட்டும். அதனால் இவளிடமும் விசாரணை வரலாம், ஒரு தோழமையும் முறியலாம். அதை மறைத்துவிட்டு நான் உங்களுக்கு ஆறுதல் எழுத மாட்டேன். ஆனால் முடிவு அவளுடையதாக இருக்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, ‘கண்டும் காணாமல் விட்டுடு’ என்று சொல்லாமல் இருப்பது மட்டும்தான். அதுவே பெரிய காரியம்.

கல்லூரி சின்னது என்ற குறைக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. மூவாயிரம் பேர்கூட இல்லாத இடம். பேராசிரியருக்கு உங்கள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். வாரத்தில் சில மணி நேரம் மாணவர்களுக்காகவே அறைக்கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பார்கள், ஆபீஸ் ஹவர்ஸ் என்பார்கள். நம் பிள்ளைகள் மார்க் குறைந்தால் மட்டுமே அங்கே போக வேண்டும் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். பெரிய யுனிவர்சிட்டியில் முந்நூறு பேர் வகுப்பில் இந்தக் கதவைத் தேடிப் போவதே கஷ்டம். நீங்கள் பணம் கட்டியிருப்பது இந்தக் கதவுக்கும் சேர்த்துத்தான்.

தனிமை உண்மைதான், அதை அலட்சியம் செய்யாதீர்கள். மிச்சிகன் ஏரிக்குப் பக்கம் என்பதால் பனி கொட்டும், டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். சிகாகோ காரில் ஒரு மணி நேரச் சொச்சம். இந்திய மளிகை வேண்டுமானால் அங்கே டெவான் அவென்யூ இருக்கிறது, லெமாண்ட் ஊரில் நம் கோயில் இருக்கிறது. மாதம் ஒரு முறை யாரோடாவது சேர்ந்து போய்வரட்டும். பாட்டில் ஆசை இருந்தால் அங்குள்ள பாடகர் குழுக்களில் சேரலாம். லுத்தரன் கல்லூரிகளுக்கு இசைதான் உயிர், இசைமேதை பாஹ் அந்தச் சபைக்காரர் ஆயிற்றே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சிறிய தனியார் கல்லூரிகள் பலவும் இப்போது பணமுடையில் இருக்கின்றன. வால்பரைசோவும் தன் சட்டக் கல்லூரியை மூடியது. விடுதியைப் புதுப்பிக்க 2023-இல் அருங்காட்சியக ஓவியங்களை விற்கத் திட்டமிட்டு எதிர்ப்பைச் சந்தித்தது. 2024-இல் சில பாடப்பிரிவுகளை நிறுத்த முடிவு செய்தது. ஆகவே, மகளின் பாடப்பிரிவு அவள் பட்டம் வாங்கும்வரை நடக்குமா என்று துறைத் தலைவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். மாறுவதற்கு நான் ஒப்புக்கொள்கிற காரணம் இது ஒன்றுதான். அப்படி மாறினாலும் புதிய இடத்தில் அனுமதி கையில் வந்த பிறகே மாற வேண்டும், விசா பதிவை வெளிநாட்டு மாணவர் அலுவலகம் மூலம் மாற்ற வேண்டும். அதற்குள் பாடங்களைக் குறைத்துவிடக் கூடாது. உதவித்தொகை கூடவே வராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது குளிர்காலம். அங்கே மாலை ஆறரை என்றால் நமக்கு மறுநாள் காலை ஆறு. வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்து கூப்பிடுங்கள், அவளும் சாப்பிட்டு முடித்து அறைக்கு வந்திருப்பாள். மாற்றலைப் பற்றி நாளைக்குப் பேச வேண்டாம். அந்தப் பேராசிரியரின் அறை எந்தெந்தக் கிழமை திறந்திருக்கும் என்று மட்டும் கேளுங்கள். அவள் பேசாமல் இருந்தால் நீங்களும் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள், போனை வைத்துவிடாதீர்கள்.