நாட்டைவிட்டு வெளியேறிவிட்டால் பெண் கலைஞர்களுக்கு முழுச் சுதந்திரம் கிடைத்துவிடுமா?

தடை நீங்கும். அதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே என் பதில். நான் ஓரளவு தொடர்ந்து கவனித்து வருவது ஈரானியப் பெண்களைத்தான் என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன்.

1970களில் ஈரானின் பெரிய பாப் நட்சத்திரம் கூகூஷ். 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பின், ஆண்கள் இருக்கும் அவையில் பெண் தனியாகப் பாட முடியாமல் போயிற்று. பெண்கள் மட்டும் கூடும் அரங்கில் பாடலாம், குழுவில் ஒருத்தியாகவும் பாடலாம். தனிக்குரல்தான் கூடாது! பாடகர்கள் பலர் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டார்கள். கூகூஷ் ஈரானிலேயே இருந்தார், ஏறத்தாழ 20 ஆண்டுகள் மேடை ஏறாமல். 2000இல் வெளியேறி டொரன்டோவில் பாடினார். அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தாங்களும் ஊரை விட்டு வந்தவர்கள். தெஹ்ரானில் அவருக்காகக் காத்திருந்தவர்கள் முன்னால் இன்றுவரை அவரால் பாட முடியவில்லை. குரல் திரும்பக் கிடைத்தது, கேட்பவர்கள் பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம். இந்த இழப்பை யாரும் தணிக்கை என்று சொல்வதில்லை. எனக்கு அதுவும் தணிக்கைதான்.

எழுத்தாளர் ஷஹ்ர்நூஷ் பர்சிபூரின் நாவல் 1989இல் வெளிவந்தது. தடை வந்தது, சிறையும் வந்தது. பிறகு அவர் அமெரிக்கா போய்விட்டார். அந்த நாவலை, ஈரானில் பிறந்து அமெரிக்காவில் வாழும் கலைஞர் ஷிரின் நெஷாத் படமாக எடுத்து, 2009இல் வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம் விருது வாங்கினார். கதை நடப்பது 1953இன் தெஹ்ரானில், படப்பிடிப்பு நடந்தது மொராக்கோவில். தன் நாட்டுத் தெருவை வேறொரு நாட்டில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

உள்ளே இருந்துகொண்டே துணிபவர்களும் உண்டு. 2024 டிசம்பரில் ஈரானியப் பாடகி பரஸ்தூ அஹ்மதி ஒரு பழைய சத்திரத்தின் முற்றத்தில், முக்காடு இல்லாமல், ஆண் இசைக் கலைஞர்களோடு பாடி அதை யூடியூபில் வெளியிட்டார். எதிரே ஒரு பார்வையாளர்கூட இல்லை. சில நாட்களில் அவரைப் பிடித்து, பிறகு விடுவித்தார்கள். "ஏன் அவர் வெளியேறவில்லை?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. போனவரையும் இருப்பவரையும் ஒப்பிட்டு மதிப்பெண் போட நாம் யார்?

அப்புறம் இன்னொரு சிக்கல். வெளியேறிய பெண்ணிடம் உலகம் ஓயாமல் அவளுடைய துன்பக் கதையையே கேட்கிறது. அவளுக்குக் காதலையோ கணிதத்தையோ மழையையோ பற்றி எழுதத் தோன்றக் கூடாதா? ஹாலிவுட் படத்தில் முக்காடு இல்லாமல் நடித்ததால் சிக்கலுக்கு ஆளாகி பிரான்சில் குடியேறியவர் ஈரானிய நடிகை கோல்ஷிஃப்தே ஃபராஹானி. 2016இல் ஓர் அமெரிக்கப் படத்தில், பஸ் ஓட்டும் கவிஞனின் மனைவியாக, வீடெங்கும் கறுப்பு வெள்ளைக் கோலங்கள் வரையும் பெண்ணாக வந்தார். அந்தப் பாத்திரம் எந்த நாட்டுக்கும் சாட்சி சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீங்கள் கேட்கும் முழுச் சுதந்திரத்துக்குக் கிட்டத்தட்ட அருகில் வருவதாக எனக்குத் தோன்றுவது அதுதான்.