வாயைக் கட்டிப்போடாத வாத்தியம்

அன்புள்ள ஐயா,

ஆக்லாந்துக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மகளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் வகுப்புக்கே யுகுலேலே சொல்லிக்கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்தாலும் அதைக் கீழே வைப்பதில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், "இது விளையாட்டுச் சாமான். நாலு கம்பியில் என்ன வந்துவிடும்? வீணையில் சேர்த்துவிடு, இல்லையென்றால் கீபோர்டாவது படிக்கட்டும், கிரேடு பரீட்சை எழுதலாம்" என்கிறார். கணவருக்கும் அதே எண்ணம்தான். நான் சின்ன வயதில் பாடுவேன், கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போயிற்று. அதனால் இதில் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. யுகுலேலே கற்றுக்கொள்ளத்தக்க வாத்தியம்தானா? இத்தனை நாட்டுக்காரர்கள் ஏன் இதை வாசிக்கிறார்கள்? இதனால் பிள்ளை நம் இசையிலிருந்து விலகிப்போவாளா? நல்லதாக எது வாங்கலாம்?

ஆர்., ஆக்லாந்து

அன்புள்ள ஆர்.,

போன மாதம் உறவில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். நாற்பது பெண்களாவது இருந்திருப்பார்கள். வளையல் அடுக்கும் நேரம் வந்ததும் யாரோ "பாட்டு, பாட்டு" என்றார்கள். உடனே ஒரு பெண் செல்போனை ஸ்பீக்கரோடு இணைத்து ஏதோ ஒரு பதிவைப் போட்டுவிட்டாள். ஒருவர்கூடப் பாடவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மாவின் உதடு மட்டும் அந்தப் பாட்டோடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் போய் "நீங்க பாடுங்களேன் பெரியம்மா" என்றேன். "ஐயே, எனக்கென்ன பாடத் தெரியும்" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்த மூடிய வாய் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த நினைப்பிலேயே இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது, அதிலும் 'எனக்குத் தகுதியில்லை' என்று ஒரு வரி. அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். எது வாங்கலாம்? ஒன்றும் வாங்க வேண்டாம், இப்போது அவள் கையில் இருப்பதே போதும். நம் இசையிலிருந்து விலகிப்போவாளா? மாட்டாள், ஒன்பது வயதுக் காதில் நூறு இசைக்கு இடமிருக்கிறது. பரீட்சையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மாமனார் சொன்ன அந்த 'விளையாட்டுச் சாமான்' என்கிற சொல்லை மட்டும் என்னால் சும்மா விட முடியவில்லை. பேத்தி மேல் இருக்கும் அக்கறையில்தான் சொல்கிறார், புரிகிறது. ஆனால் தப்பாகச் சொல்கிறார். இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

1879 ஆகஸ்ட் 23 அன்று ஹொனலுலு துறைமுகத்துக்கு ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் வந்து சேர்ந்தது. அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதேரா தீவிலிருந்து ஆணும் பெண்ணும் குழந்தையுமாக நானூறு பேருக்கு மேல் ஏற்றி வந்த கப்பல். எதற்கு? ஹவாயின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்ய. அவர்கள் மூட்டையில் மஷேத்தி என்ற சின்ன நாலு கம்பி வாத்தியம் வந்தது. கூட வந்தவர்களில் மூன்று பேர் மரத்தச்சர்கள்: மனுவேல் நூனஸ், அகுஸ்தோ டியஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சாந்தோ. கரும்புக் காட்டிலிருந்து விடுபட்டு ஹொனலுலுவில் கடை போட்ட பிறகு, அந்த மண்ணில் வளரும் கோவா மரத்தில் இந்த வாத்தியத்தைச் செய்ய ஆரம்பித்தார்கள். ஹவாய்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர்தான் உக்குலேலே. (அவர்கள் உச்சரிப்பு அதுதான், நானும் அப்படியே எழுதுகிறேன்.)

அதே 1879இல், இதற்கு மூன்று மாதம் முன்பு, மே 14 அன்று லியோனிடாஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு ஃபிஜிக்கு வந்தது. அங்கேயும் கரும்புதான். 1903இலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக நம் ஆட்களையும் கொண்டுபோனார்கள். அவர்கள் தெருக்கூத்தையும் தீமிதியையும் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். உங்கள் ஊரில் ஃபிஜிக்காரர்கள் நிறைய இருக்கிறார்களே, அந்தக் கூட்டத்தில் தென்னிந்தியப் பாட்டன் பாட்டியின் பேரன் பேத்திகளும் உண்டு. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மாமனார் 'விளையாட்டுச் சாமான்' என்கிற அந்தப் பொருள், நம் பாட்டன்கள் பட்ட பாட்டையே பட்ட இன்னொரு கூலிக் கூட்டத்தின் மூட்டையிலிருந்து வந்தது. நாளெல்லாம் கரும்பு வெட்டிய கை, ராத்திரி திண்ணையில் வாசித்த வாத்தியம் அது. அதைச் சாமான் என்று சொல்ல எப்படி மனது வருகிறது?

அப்புறம் அந்த ஊர் ராஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹவாயில் கிறிஸ்தவப் போதகர்கள் வந்து ஹுலா ஆட்டத்தை ஆபாசம் என்று சொல்லி மக்களைக் கூசவைத்திருந்த காலம். கலாகௌவா மன்னர் அந்த ஆட்டத்தை மறுபடியும் அரண்மனை முற்றத்துக்கே கொண்டுவந்தார். அதற்குப் பக்கவாத்தியமாக உக்குலேலேயையும் சேர்த்துக்கொண்டார், தானும் வாசித்தார். கூலிக்காரன் கொண்டுவந்த வாத்தியம் இது என்று அவர் தள்ளிவைக்கவில்லை. உக்குலேலே என்றால் 'குதிக்கும் தெள்ளுப்பூச்சி' என்று பலரும் பொருள் சொல்வார்கள், வாசிப்பவன் விரல் அப்படித் துள்ளுவதால். மன்னருக்குப் பின் அரசியான அவர் தங்கை லிலியுவோகலானி வேறு பொருள் சொன்னார்: 'இங்கே வந்துசேர்ந்த பரிசு'. எனக்கு அந்த அரசியின் பொருள்தான் பிடித்திருக்கிறது. பாட்டு எழுதி மெட்டும் போடத் தெரிந்தவர் அவர். 1893இல் அவரை அரியணையிலிருந்து இறக்கினார்கள். 1896இல் சட்டம் போட்டுப் பள்ளிக்கூடங்களில் ஹவாய் மொழியை ஒழித்தார்கள். வகுப்பில் செத்துக்கொண்டிருந்த மொழி வீட்டு முற்றத்தில் பாட்டில் உயிரோடிருந்தது, அந்தப் பாட்டுக்குத் துணை இந்த நாலு கம்பி.

1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சியில் ஹவாய்க்காரர்கள் வாசித்ததைக் கேட்டு அமெரிக்காவே மயங்கியது. ஹவாயில் பிறந்த யுக்கிஹிகோ ஹைடா ஜப்பானுக்குப் போய் அங்கே ஹவாய் இசைக்குழு அமைத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எதிரி நாட்டு இசை என்று அடக்கப்பட்டதை, போர் முடிந்ததும் ஜப்பானியர்கள் மறுபடி கையில் எடுத்தார்கள். தஹித்தியிலும் குக் தீவுகளிலும் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒரே மரத்துண்டைக் குடைந்து, தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பையே இரட்டை இரட்டையாக எட்டு இழை கட்டிவிடுவார்கள். குக் தீவுக்காரர்கள் உங்கள் ஊரிலேயே நிறைய இருக்கிறார்கள், ஒரு விசேஷத்துக்குப் போய்க் கேளுங்கள்.

ஏன் இத்தனை பேர் என்று கேட்டீர்கள். விலை குறைவு, சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான். பள்ளிப் பிள்ளைகள் ஊதுகிற ரெக்கார்டர் இதைவிட மலிவு, அதை எந்தக் கடற்கரைக்கு யார் எடுத்துப் போகிறார்கள்? பிரிட்டனில் எத்தனையோ வகுப்பறைகளில் ரெக்கார்டர் இருந்த இடத்தில் இன்று உக்குலேலே இருக்கிறது. கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரப் பள்ளிகளில் 1967லேயே சால்மர்ஸ் டோன் என்ற ஆசிரியர் இதை வைத்துத்தான் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஆக்லாந்து விழாவில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள், வாசித்துக்கொண்டே பாடியிருக்கிறார்கள். அந்த 'பாடியிருக்கிறார்கள்'தான் விஷயம். ஊதுகிற வாத்தியம் வாயை அடைத்துவிடும். பெரிய வாத்தியம் குரலை அமுக்கிவிடும். உக்குலேலேயில் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாலாவது கம்பிகூட வழக்கமான கட்டில் மேல் ஸ்தாயியில்தான் இருக்கும், கனத்த அடிச்சத்தம் என்று ஒன்று கிடையாது. அதனால் எவ்வளவு மெல்லிய குரலும் அதன் மேலே நிற்கும். வாசிப்பவரின் வாயைத் திறக்கவைப்பதற்காகவே இருக்கிற வாத்தியம் இது.

மகள் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மோதிர விரலை அடிக்கம்பியில் மூன்றாவது கட்டத்தில் வைத்தால் சி என்ற கார்டு, அதாவது நாலு கம்பியும் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு. அவ்வளவுதான், ஒரே விரல். அதை எடுத்துவிட்டு நடுவிரலை மேல்கம்பியில் இரண்டாவது கட்டத்தில் வைத்தால் ஏ மைனர். நடுவிரலை எடுக்காமல் சுட்டுவிரலை அடியிலிருந்து இரண்டாவது கம்பியின் முதல் கட்டத்தில் சேர்த்தால் எஃப். மூன்று விரலுக்குள் ஒரு குழந்தை பாட ஆரம்பித்துவிடுகிறாள். நம் ஊரில் பாட ஆரம்பிக்கும் முன் எத்தனை பயத்தைக் கற்றுக்கொடுக்கிறோம்!

ஹவாயில் பிறந்த ஜேக் ஷிமாபுகுரோ 2006இல் இணையத்தில் பரவிய ஒரு காணொளியில் இந்த நாலு கம்பியில் என்னென்ன செய்யலாம் என்று காட்டினார். அவரைக் காட்டி மாமனாரிடம் வாதாட வேண்டாம். மேதை வாசித்தால்தான் வாத்தியத்துக்கு மதிப்பு என்றால் நாமும் அதே குழியில்தான் விழுகிறோம். அதைவிட 1916இல் ஹொனலுலுவில் சாமுவேல் கமாகா தொடங்கிய உக்குலேலே பட்டறையைப் பற்றிச் சொல்லுங்கள். அடுத்த தலைமுறையில் அங்கே காது கேளாதவர்களை வேலைக்குச் சேர்த்தார்கள். மரப்பலகையை விரலால் தட்டி, அதன் அதிர்வைத் தொட்டே, தடிமன் சரியா என்று சொல்லிவிடுவார்களாம். கேட்க முடியாதவர்களே கைதேர்ந்து செய்த வாத்தியம். வீட்டில் பாட எந்தத் தகுதி வேண்டும் என்று சொல்லுங்கள் பார்ப்போம்?

என் சித்தப்பாவிடம் ஒரு புல்புல்தாரா இருந்தது. டைப்ரைட்டர் மாதிரி கட்டைகள் வைத்தது, இடது கையால் கட்டையை அழுத்தி வலது கையால் கம்பியை மீட்டுவார். கரண்ட் போன ராத்திரிகளில் முற்றத்தில் பாய் விரித்து அவர் வாசிக்க, அத்தைகள் இரண்டு பேரும் பாடுவார்கள். நானும் பாடுவேன், ஏழெட்டு வயது. இருட்டில் எந்தக் குரல் யாருடையது என்றே தெரியாது. ஒன்பது வயதில் என்னை முறையாகப் படிக்கட்டும் என்று வயலின் வகுப்பில் சேர்த்தார்கள். முதல் மாதமே வாத்தியார் என்னைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உனக்குத் தொண்டை கிடையாது. வாயைத் திறக்காதே, கையை மட்டும் பார்" என்றார். அடுத்த முறை கரண்ட் போனபோது சித்தப்பா பாய் போட்டுவிட்டு "வாடா" என்றார். நான் உட்கார்ந்தேன், பாடவில்லை. அவர் இரண்டு முறை அதே இடத்தை வாசித்துக் காத்திருந்தார். இருட்டில் தலையை ஆட்டினேன், அவருக்குத் தெரிந்திருக்காது. வயலினையும் இரண்டு வருடத்தில் விட்டேன். என் பையன் பிறந்து அழுதபோதெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறேனே தவிர, ஒரு ஆராரோ சொன்னதில்லை. அந்த வாத்தியார் கெட்டவர் இல்லை. ஆனால் இன்றுவரை அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதனால்தான் உங்கள் மேல் கோபம் வருகிறது அம்மா, மாமனார் மேல் இல்லை. அவர் தெரியாமல் சொல்கிறார். நீங்கள் பாடியவர். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போயிற்று என்று, குடையைப் பஸ்ஸில் விட்டதுபோல் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். யார் நிறுத்தச் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள், எனக்குத் தெரியும், கூடத்தில் யார் காதிலாவது விழுமே என்று நீங்களே நிறுத்தியிருப்பீர்கள். பிள்ளை எந்த வாத்தியம் படிக்கலாம் என்று முன்பின் தெரியாத எனக்குக் கடல் தாண்டி எழுதிக் கேட்கிறீர்கள், அவளோ அடுத்த அறையில், கூடப் பாட ஓர் ஆள் இல்லாமல் தனியாக வாசித்துக்கொண்டிருக்கிறாள். வீணையில் சேர்ப்பதென்றால் சேருங்கள், நல்லதுதான். ஆனால் இதைப் பிடுங்கிவிட்டு அதைக் கொடுக்காதீர்கள்.

இன்று சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்காருங்கள். புதுக் கம்பி என்றால் முதல் சில நாள் இழுபட்டு ஸ்ருதி இறங்கிக்கொண்டே இருக்கும், கெட்டுப்போயிற்று என்று நினைத்துவிட வேண்டாம், தினமும் சரிபண்ணிக்கொள்ளலாம். உங்கள் அம்மா உங்களுக்குப் பாடிய தாலாட்டு ஒன்றாவது நினைவிருக்கும். அதைப் பாடிக் காட்டி, எந்த இடத்தில் சி, எந்த இடத்தில் எஃப் என்று மகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கூடத்தில் மாமனார் இருந்தால் இருக்கட்டும், கதவைச் சாத்த வேண்டாம். அவருக்கும் அந்தத் தாலாட்டு தெரிந்திருக்கும். என்ன பாடினீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.