வெண்பன்றிக் குட்டிகள்: இரும்புச்சத்து ஊசியும் ஒட்டுண்ணித் தடுப்பும்

கேள்வி: பிறந்த எட்டாம் நாள் வாக்கில் குட்டிகள் மஞ்சளாகப் பசைபோலக் கழிகின்றன. ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் நிற்கவில்லை. சில குட்டிகள் வெளுத்துப்போகின்றன. கொழுகொழுவென்று இருந்த குட்டிகூடத் திடீரெனச் செத்துவிட்டது. தாய்க்கு இரும்பு டானிக் கொடுத்தால் போதுமா? கொட்டிலில் செம்மண் போடலாமா?

பதில்: டானிக் தாய்க்குப் போகுமே தவிர, பாலில் இறங்காது. குட்டி பிறக்கும்போது அதன் உடலில் சுமார் 50 மி.கி. இரும்புதான் இருக்கும். தினமும் 7 மி.கி.க்குக் குறையாமல் வேண்டும். பாலில் கிடைப்பதோ ஏறத்தாழ 1 மி.கி. வேகமாக வளரும் குட்டிக்குத் தேவை இன்னும் அதிகம். குட்டிகள் வெளுப்பது இந்த இரும்புக் குறைவால்தான்; கொழுத்த குட்டி முதலில் விழுவதும் அதனால்தான்.

செம்மண்ணில் இரும்பு கிடைக்கும், உண்மை. ஆனால் பன்றிகள் நடமாடிய இடத்து மண் என்றால் புழு முட்டைகளையும் சேர்த்தே கொண்டுவருவீர்கள். சிமென்ட் தரையில் வளரும் குட்டிக்கு ஊசிதான் நம்பகமான வழி.

மூன்றாம் அல்லது நான்காம் நாள் இரும்பு டெக்ஸ்ட்ரான் என்ற இரும்புச்சத்து ஊசிமருந்து, குட்டிக்கு 200 மி.கி. வாங்கும்முன் புட்டியைப் பாருங்கள்: மில்லிக்கு 100 மி.கி. என்றால் 2 மில்லி. மில்லிக்கு 50 மி.கி. என்றால் 4 மில்லி ஆகும். அதை ஒரே இடத்தில் போடாமல், மூன்றாம் நாள் பாதி, பதினான்காம் நாள் பாதி என்று பிரியுங்கள். காதுக்குப் பின்னால் கழுத்துத் தசையில், 20 கேஜ் பருமனும் அரை அங்குல நீளமும் உள்ள ஊசியால், தோலைச் சற்று ஒதுக்கிப் பிடித்துக் குத்தினால் மருந்து வெளியே கசியாது. தொடையில் போட்டால் நரம்பு பாதிக்கலாம், இறைச்சியில் கறையும் நிற்கும். ஊசி போட்ட சில மணி நேரத்தில் பல குட்டிகள் செத்தால் தாய்த் தீவனத்தில் வைட்டமின் ஈ, செலினியம் குறைவாக இருக்கலாம். மற்ற குட்டிகளுக்குப் போடாமல் நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

நீங்கள் சொல்லும் கழிச்சல் பெரும்பாலும் காக்சிடியா. அது குடலில் வளரும் ஒரு செல் ஒட்டுண்ணி; பாக்டீரியாவும் அல்ல, புழுவும் அல்ல. ஆன்டிபயாட்டிக்கும், புழுமருந்தான ஐவர்மெக்டினும் அதைத் தொடாது. கழிச்சல் தொடங்குவதற்குள் குடலின் உறிஞ்சும் பகுதி சிதைந்துவிடும். ஆகவே முன்கூட்டியே, மூன்று முதல் ஐந்தாம் நாளுக்குள், காக்சிடியாவுக்கான மருந்தான டோல்ட்ராசுரில், குட்டியின் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. ஒரே தடவை வாய்வழி கொடுக்க வேண்டும். 5% மருந்தில் இது கிலோவுக்கு 0.4 மில்லி. கோழிக்குத் தண்ணீரில் கலக்க விற்கும் 2.5% கரைசலை அப்படியே ஊற்றாதீர்கள். அதன் காரத்தன்மை வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும். மருத்துவர் எழுதித்தரும் பன்றிக்கான மருந்தையே வாங்குங்கள். அதை இரும்பு ஊசி போடும் அன்றே கொடுக்கலாம்.

மருந்தைவிடத் தரைதான் முக்கியம். நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் காக்சிடியா முட்டை ஒரே நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். பினாயில் அதைக் கொல்லாது. சாணத்தைத் தினமும் வழியுங்கள். ஒவ்வொரு ஈற்றுக்குப் பிறகும் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, சில நாள் நன்றாகக் காயவிடுங்கள். ஒரு கூண்டில் மிதித்த செருப்போடு அடுத்த கூண்டில் இறங்காதீர்கள்.

புழுவுக்கான வேலை தாயிடம். நூல்போன்ற ஒருவகைப் புழுவின் இளம்பருவம் தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வரும். ஈனுவதற்கு 7 முதல் 14 நாள் முன்பு 1% ஐவர்மெக்டின், தாயின் எடையில் 33 கிலோவுக்கு 1 மில்லி, தோலடியில் போட்டால் அதுவும் சொறியும் அடங்கும். உருண்டைப்புழு முட்டை மடியில் ஒட்டியிருக்கும். ஈனும் கூண்டுக்கு மாற்றும் அன்று வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் மடியையும் வயிற்றையும் கழுவுங்கள்.

முதல் நான்கு நாளுக்குள்ளேயே தண்ணீராகக் கழிந்தால் காக்சிடியா அல்ல, பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியா, அதற்கு வைத்தியம் வேறு. இப்போது கழியும் குட்டிகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கிண்ணத்தில் வையுங்கள். கழிச்சல் தொடங்கி இரண்டு மூன்று நாள் கழித்து, நான்கைந்து குட்டிகளின் சாணத்தைத் தனித்தனியாக எடுத்துக் கால்நடை மருத்துவரிடம் பரிசோதனைக்குக் கொடுங்கள். முதல் நாளே எடுத்தால் முட்டை தென்படாமல் போகக்கூடும்.